எக்தோர் லாவோவைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, சல்சா என்ற லத்தீன் அமெரிக்க ஆட்ட இசையைப் பாடிய எக்தோர் லாவோவைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வந்து நிற்பது அவர் பட்ட துன்பங்கள்தாம். போதைப் பழக்கம், மகனின் மரணம், எய்ட்ஸ், 46 வயதில் முடிந்த வாழ்க்கை என்று அந்தக் கதை கேட்பவர் நெஞ்சை உலுக்கிவிடுகிறது. அதைக் கேட்டுவிட்டுப் பாட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு வரியிலும் அழுகையைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அவர் பாடியவற்றில் பெரும்பகுதி ஆடுவதற்கும் சிரிப்பதற்கும் எதிரே நிற்பவரை வம்புக்கிழுப்பதற்கும் பாடப்பட்டது. ஆகையால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றி வைத்திருக்கிறேன்: தாளம் முதலில், பாட்டின் கட்டமைப்பு அடுத்து, பிறகு குரல், பிறகு இசைத்தட்டுகள், வாழ்க்கைக் கதை கடைசியில். ஸ்பானிஷ் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கத் தொடங்கியபோது எனக்கும் ஒரு சொல்கூடத் தெரியாது. பேஸ் என்ற தாழ்சுரக் கருவியின் அடியோசை தெளிவாகக் கேட்கும் ஹெட்போன் ஒன்றும், ஒரே பாட்டை மூன்று முறை கேட்கும் பொறுமையும் இருந்தால் போதும். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள்; அதில் பாட்டின் கீழ்ப்பாதி காணாமல் போய்விடும்.

தாளத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுதல்

சல்சாவைப் புதிதாகக் கேட்கிறவருக்கு எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பேசுவது போலவும், எதைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்வது என்று தெரியாதது போலவும் ஒரு தவிப்பு இருக்கும். பிடித்துக்கொள்ள வேண்டியது கிளாவே. அது கியூபாவிலிருந்து வந்த, ஐந்து தட்டுகளே கொண்ட ஒரு தாளக்கட்டு. பியானோ, பேஸ், கொங்கா என்ற உயரமான பறை, ட்ரோம்போன் என்ற பித்தளை ஊதுகருவி, பாடகர் என அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். இரண்டு சிறு கட்டைகளை மோதி அதை ஒலிப்பதுண்டு என்றாலும், பல பதிவுகளில் அந்தக் கட்டையோசை கேட்பதே இல்லை. வாசிப்பவர்கள் அதை மனத்துக்குள் ஓடவிட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள்.

அதை இப்படிப் பழகலாம். 1 முதல் 16 வரை ஒரே சீராக எண்ணுங்கள். 16 முடிந்ததும் நிறுத்தாமல் மறுபடி 1. அப்படி எண்ணிக்கொண்டே 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் கைதட்டுங்கள். முதல் எட்டு எண்களில் மூன்று தட்டும் அடுத்த எட்டில் இரண்டு தட்டும் விழும். மூன்று விழும் பாதி உங்களை முன்னே தள்ளும். இரண்டு விழும் பாதி காலைத் தரையில் ஊன்ற வைக்கும். சில பாட்டுகளில் இரண்டு தட்டு விழும் பாதி முதலில் வரும். அப்போது தட்ட வேண்டிய எண்கள் 3, 5, 9, 12, 15. எந்தப் பாட்டுக்கு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தவறான பக்கத்தில் தட்டினால், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டதுபோல் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும். மாற்றித் தட்டிப் பாருங்கள், அது நின்றுவிடும்.

கை பழகியபின் காதைப் பேஸுக்குக் கொடுங்கள். அது பெரும்பாலும் 4, 7, 12, 15 ஆகிய எண்களில் விழும். முதல் எண்ணில் அடி விழும் என்று எதிர்பார்த்திருக்கும் காதுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. அடுத்த சுற்றுக்குரிய சுரத்தைப் பேஸ் முந்திக்கொண்டு வந்து சொல்லிவிட்டிருக்கும். சல்சா எப்போதும் ஓரடி முன்னே சாய்ந்து நடப்பதுபோல் தோன்றுவதற்கு முக்கியமான காரணம் இதுதான். லாவோவின் குரல் எங்கே பிந்துகிறது, எங்கே முந்துகிறது என்பதை அளக்க இந்த அளவுகோல் கையில் இருந்தாக வேண்டும்.

மணியோசைக்குக் காத்திருத்தல்

ஒரு சல்சா பாட்டு இரண்டு பகுதிகளால் ஆனது. முதல் பகுதி, பாடலாசிரியர் எழுதித் தந்த பாட்டு. அதில் பாடகருக்குச் சுதந்திரம் குறைவு. இரண்டாம் பகுதிக்கு மொந்துனோ என்று பெயர். அங்கே பின்பாட்டுக் குழு ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். அந்த வரி கோரோ. இரண்டு கோரோக்களுக்கு இடையில் கிடைக்கும் சிறு இடைவெளியில் பாடகர் தம் சொந்த வரியை இட்டுநிரப்ப வேண்டும், அது சொனேயோ. அதில் தேர்ந்தவரைச் சொனேரோ என்பார்கள். சல்சா உலகில் ஒருவரைப் பாடகர் என்று அழைப்பது மரியாதை. சொனேரோ என்று அழைப்பது பட்டம்.

மொந்துனோ தொடங்கிவிட்டதைக் கண்டுகொள்ள எளிய அடையாளம் ஒன்று உண்டு. அதுவரை சிறிய இரட்டைப் பறையான பொங்கோவை வாசித்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, கையில் ஒரு மணியை எடுத்துக் கட்டையால் அடிக்கத் தொடங்குவார். மாட்டின் கழுத்துமணியைப் போன்ற அந்த உலோக ஓசை கேட்டதும் நிமிர்ந்து உட்காருங்கள். எழுதி வைத்த பாட்டு அங்கே முடிந்தது. இனிமேல் வருவதுதான் லாவோ.

அந்த இடைவெளியின் நெருக்கடியைச் சற்று யோசித்துப் பாருங்கள். சில வினாடிகளே கிடைக்கும். சொல்வது கோரோவின் பொருளோடு ஒட்ட வேண்டும், எதுகை அமைய வேண்டும், கிளாவேயை மிதிக்கக் கூடாது, அடுத்த கோரோ தொடங்குவதற்குள் முடித்து வழிவிடவும் வேண்டும். சிலர் இந்த வரிகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வார்கள். லாவோ மேடையில் நின்ற இடத்திலேயே கட்டுவதில் பேர்போனவர். கூட்டத்தில் யாராவது ஏளனமாகக் கத்தினால், அந்தக் கத்தலுக்கான பதிலே அடுத்த சொனேயோவாக வந்துவிடும்.

பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பாட்டு, 1976இல் வெளியான ‘பெரியோதிகோ தெ ஆயேர்’. ‘நேற்றைய செய்தித்தாள்’ என்பது அதன் பொருள். எழுதியவர் புவேர்ட்டோ ரிக்கோவின் தீத்தே குரெத் அலோன்சோ. சல்சாவின் தலைசிறந்த பாடலாசிரியர்களில் ஒருவரான இவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதியவர், பத்திரிகையாளரும்கூட. முடிந்துபோன காதலியிடம் பாடப்படுகிறது இந்தப் பாட்டு: விடிகாலையில் பரபரப்பாக விற்ற செய்தி நீ, மாலைக்குள் பழசாகிவிட்டாய் என்கிறது. நேற்றைய தாளை எதற்குப் படிப்பது என்ற கேள்விதான் கோரோ.

முதல் முறை கேட்கும்போது கோரோ எத்தனை முறை வருகிறது என்பதை மட்டும் விரல்விட்டு எண்ணுங்கள். பாடகரைக் கவனிக்கவே வேண்டாம். இரண்டாம் முறை கோரோவைத் தள்ளிவிட்டு இடைவெளிகளை மட்டும் கேளுங்கள். ஓர் இடைவெளியில் அவர் அவசரமே இல்லாமல் நுழைந்து, நிறையச் சொற்களைக் கடைசி நொடியில் கொட்டிவிட்டு வெளியேறுவார். இன்னொன்றில் ஒரே உயிரெழுத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கோரோ வந்து மோதும்வரை விடமாட்டார். மூன்றாம் முறை வயலின்களையும் ட்ரோம்போன்களையும் கேளுங்கள். இவ்வளவு கசப்பான ஒரு சேதியை இவ்வளவு கம்பீரமான வாத்தியங்கள் சுமந்துவருவதில் ஒரு கேலி இருக்கிறது. லாவோவின் குரலில் இருக்கும் மெல்லிய நக்கல் அப்போது பிடிபடும். சொல்லுக்குச் சொல் பொருள் தெரிய வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பை மூன்றாம் முறைக்குப் பின் தேடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

மலைக்குரல், நகரத்து ட்ரோம்போன்

அவருடைய குரல் மெல்லியது, கூர்மையானது, மூக்கின் வழியாக வருவது. முதலில் கேட்பவர்களில் சிலருக்கு இது பிடிப்பதில்லை. சல்சா என்றால் அடித்தொண்டையில் முழங்கும் குரல் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு இது ஏதோ பையன் பாடுவதுபோல் இருக்கும். எனக்கும் முதல் வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே காது திறந்தது.

எக்தோர் ஹுவான் பேரேஸ் மார்த்தீனேஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1946 செப்டம்பர் 30 அன்று, புவேர்ட்டோ ரிக்கோவின் தென்கரை நகரமான போன்சேயில், மச்சுவேலோ அபாஹோ என்ற பகுதியில் பிறந்தார். தந்தை கித்தார் வாசிப்பவர். தாயைச் சின்ன வயதிலேயே இழந்தார். போன்சேயின் இசைப்பள்ளியில் சேர்ந்து முதலில் கற்றது சாக்ஸபோன். ஆனால் அவர் காதில் ஊறியிருந்தது அத்தீவின் மலைநாட்டு உழவர்களான ஹீபரோக்களின் பாட்டு. எட்டசைகொண்ட பத்து வரிகளாலான தேசிமா என்ற யாப்பில், மூக்கொலியோடு நீட்டி நீட்டிப் பாடப்படும் பாட்டு அது. வரி கிடைக்காத இடத்தில் ‘லெ லொ லாய்’ என்று இழுத்துக்கொள்வார்கள், நம் நாட்டுப்பாட்டில் ‘தன்னானே’ வருவதுபோல. லாவோ கடைசிவரை இந்த ‘லெ லொ லாய்’யை விடவில்லை. நின்ற இடத்தில் வரிகட்டும் திறமைக்கும் ஊற்று அதே ஹீபரோ மரபுதான். அங்கேயும் கொடுத்த ஈற்றடிக்குப் பத்து வரியை உடனே கட்டுகிறவனே பாடகன்.

1963 மே மாதம், 16 வயதில், தந்தை தடுத்தும் கேட்காமல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1964இல், டொமினிக்கன் இசைக்கலைஞர் ஜானி பச்சேக்கோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த, இன்னும் இருபது வயதுகூட நிரம்பாத வில்லி கொலோன் என்ற ட்ரோம்போன் கலைஞரின் முதல் தட்டில் பாடும்படி லாவோவைச் சேர்த்துவைத்தவர் பச்சேக்கோ. ‘எல் மாலோ’ என்ற அந்தத் தட்டு 1967இல் வந்தது. ‘லா வோஸ்’ என்றால் ஸ்பானிஷில் ‘குரல்’. புவேர்ட்டோ ரிக்கோவினர் சொல்லின் கடைசியில் வரும் ஸகரத்தை விழுங்கிவிடுவார்கள். அப்படித்தான் லாவோ என்ற மேடைப்பெயர் அமைந்தது. பாட்டைக் கேட்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அகராதிச் ஸ்பானிஷைத் தேடினால் பாதிச் சொற்கள் அகப்படா, ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ல்’ ஒலிக்கும். நகரத்துக்கு வந்த பின்பும் தம் ஊர்ப்பேச்சை அவர் இஸ்திரி போட்டுக்கொள்ளவில்லை.

கொலோனின் குழுவில் ட்ரம்பெட் கிடையாது. இரண்டு ட்ரோம்போன்கள்தான் முன்வரிசை. அவை வழவழப்பாக ஒலிக்காமல், தெருவில் லாரி உறுமுவதுபோல் கரகரப்பாக ஒலிக்கும். கொலோன் கொண்டுவந்தது பிராங்க்ஸ் தெரு, லாவோ கொண்டுவந்தது போன்சே மலை. கீழே கனத்த பித்தளை, அதற்கு மேலே கம்பிபோல் மெல்லிய குரல்: இரண்டும் ஒன்றையொன்று மறைக்காமல் கேட்பதற்கு இந்த உயர வேறுபாடு ஒரு காரணம். நியூயார்க்கில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் நிலைமையே அந்த ஒலியில் இருந்தது என்று நினைக்கிறேன். காலை வைத்திருப்பது பனி கொட்டும் நகரத்தில், காதில் ஒலிப்பது ஊர்ப்பாட்டு.

எதை, எந்த வரிசையில் கேட்பது?

‘சிறந்த பாட்டுகள்’ என்ற தொகுப்பைக் கலைத்துப் போட்டுக் கேட்பது வீண். 1967க்கும் 1987க்கும் இடையில் அந்தக் குரல் தடித்து, உடைந்து, மாறிக்கொண்டே வந்தது. கலைத்துக் கேட்டால் அந்தப் பயணம் தெரியாது.

முதலில் ‘சே சே கொலே’. கானா நாட்டுச் சிறுவர் விளையாட்டுப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த பாட்டு இது. ஒருவர் கூப்பிட, மற்றவர்கள் அப்படியே திருப்பிச் சொல்லும் அமைப்பு என்பதால், கோரோவும் சொனேயோவும் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்பது குழந்தைக்கும் விளங்கும். அடுத்து, 1970களின் தொடக்கத்தில் வந்த ‘அசால்தோ நவிதேஞோ’ என்ற கிறிஸ்துமஸ் தட்டு முழுவதையும் கேளுங்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் கிறிஸ்துமஸ் காலத்து நள்ளிரவில் கித்தாரும் பறையுமாக ஒரு கூட்டம் உறவினர் வீட்டு வாசலில் திடீரென்று போய் நின்று பாடி, தூங்குகிறவர்களை எழுப்பி, விருந்து வாங்கிக்கொண்டு, அவர்களையும் அழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்துக்குச் செல்லப்பெயர் ‘அசால்தோ’, அதாவது தாக்குதல். இத்தட்டில் யோமோ தோரோ வாசிக்கும் குவாத்ரோவைக் கவனியுங்கள். இரண்டிரண்டாக ஐந்து சோடி, மொத்தம் பத்துக் கம்பிகள் கொண்ட மலைநாட்டுக் கருவி அது. ஹீபரோ பாட்டு வெளிப்படையாகவே கேட்பது இங்கேதான். லாவோவின் குரல் தன் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் தளர்ந்து உட்காருவதையும் இங்கே கேட்கலாம். அவருடைய தட்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். பெரும்பாலான ரசிகர்கள் இதற்கு உடன்பட மாட்டார்கள்.

மூன்றாவதாக 1972இன் ‘எல் ஹுயிசியோ’, 1973இன் ‘லோ மாத்தோ’. முதலாவதில் உள்ள ‘அகுவானிலே’யில் ஆப்பிரிக்காவின் யொரூபா மரபிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு வந்த வழிபாட்டுச் சொற்களும், கத்தோலிக்கப் பூசையின் ‘கீரியே எலேய்சோன்’ என்ற வேண்டுதலும் ஒரே மூச்சில் வருகின்றன. பறைகளுக்கு மேலே அவர் குரல் கூப்பிடும் அந்தத் தொடக்கத்தை இரவில், விளக்கணைத்துக் கேளுங்கள். இரண்டாவதில் ‘கயே லூனா, கயே சோல்’ என்ற பாட்டு இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானின் பழைய பகுதியில் உள்ள இரண்டு தெருக்களின் பெயர் அது. இந்தத் தெருவில் நடந்தால் கத்தியைத் தயாராக வைத்துக்கொள் என்று எச்சரிப்பதையே ஆட்டப்பாட்டாக்கியிருக்கிறார்கள். அதே தட்டிலுள்ள ‘எல் தியா தெ மி சுவேர்தே’, சின்ன வயதில் தாய் இறந்துபோய்த் தந்தையோடு தனித்துவிடப்பட்ட ஒருவன் தன் நல்ல காலம் வந்தே தீரும் என்று காத்திருக்கும் பாட்டு. தாயை இழந்த போன்சே சிறுவனை அறிந்தவர்களுக்கு இது யாருடைய கதை என்பதில் சந்தேகம் வராது. ஆனாலும் கோரோவைக் கேளுங்கள்: அது ஒப்பாரி வைக்கவில்லை, ஆடுகிறது.

இந்தத் தட்டுகளின் உறைகளையும் இணையத்தில் தேடிப் பார்ப்பது நல்லது. கொலோனும் லாவோவும் தங்களை ரவுடிகளாகச் சித்தரித்துக்கொண்ட காலம் அது. 1971இன் ‘லா கிரான் ஃபூகா’ உறை, காவல்துறை தேடும் குற்றவாளிக்கான சுவரொட்டியைப் போலவே வடிவமைக்கப்பட்டது. ‘லோ மாத்தோ’ உறையில் கொலோன் ஒருவரின் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருப்பார். இந்தத் தட்டை வாங்காவிட்டால் இவரைக் கொன்றுவிடுவேன் என்பது அதன் விளையாட்டு மிரட்டல்.

1974ஐ ஒட்டிக் கொலோன் குழுவை விட்டு விலகினார். லாவோ தாமே தலைவரானார், தட்டுகளைத் தயாரிப்பதில் கொலோன் உடனிருந்தார். 1975இன் ‘லா வோஸ்’ தட்டில் ‘ரோம்பே சராகுவே’ பாட்டின் நடுவே மார்க் டைமண்ட் வாசிக்கும் பியானோவுக்காகவே அதைத் தனியாக ஒருமுறை கேட்கலாம். அதே தட்டில் பச்சேக்கோ எழுதிய ‘மி ஹென்தே’ இருக்கிறது. ‘என் மக்கள்’ என்று பொருள். இதை மட்டும் மேடைப் பதிவில் கேட்க வேண்டும். 1974இல், முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் குத்துச்சண்டையில் மோதவிருந்த ஜயிர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் கின்ஷாசா நகரில் நடந்த இசைவிழாவில், ஃபானியா நிறுவனத்துக் கலைஞர்கள் சேர்ந்த குழுவோடு அவர் இதைப் பாடிய காட்சி படமாகவே இருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒல்லியாக நிற்கும் அந்த மனிதர், கூட்டத்துக்கு மொழி தெரியாது என்பதைப் பொருட்படுத்தாமலே அதைப் பாடவைக்கிறார்.

சொனேரோக்கள் ஒருவரோடொருவர் எப்படிப் போட்டியிடுவார்கள் என்று பார்க்க வேண்டுமானால், 1971 ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க்கின் சீட்டா அரங்கில் பதிவான ‘கித்தாதே தூ’வைப் பாருங்கள். ‘நீ விலகு, நான் வருகிறேன்’ என்பது கோரோ. செயோ ஃபெலிசியானோ, இஸ்மாயேல் மிராந்தா, பீட் ரொத்ரீகேஸ் முதலியோர் வரிசையாக வந்து ஒருவரையொருவர் சீண்டிவிட்டுப் போவார்கள். லாவோவின் முறை வரும்போது மற்றவர்கள் சிரிக்கத் தயாராவதைக் காணலாம்.

‘எல் கந்தாந்தே’வைக் கடைசியாகக் கேளுங்கள்

எல்லாரும் முதலில் தொடும் பாட்டைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1978இன் ‘கொமேதியா’ தட்டில் வந்த, பத்து நிமிடத்தைத் தாண்டும் இப்பாட்டை எழுதியவர் பனாமாவின் ரூபன் பிளேட்ஸ். தாமே பாடுவதற்கென்று எழுதியதை, கொலோன் கேட்டுக்கொண்டதால் லாவோவுக்கு விட்டுக்கொடுத்தார். நான்தான் நீங்கள் கேட்க வந்த பாடகன், நான் துன்பப்படுகிறேனா அழுகிறேனா என்று யாரும் கேட்பதில்லை என்கிறது பாட்டு. அதற்கு முந்தைய ஆண்டு லாவோ மனமும் உடலும் தளர்ந்து மேடையைவிட்டு விலகியிருந்தவர். திரும்பி வந்து அவர் இதைப் பாடியபோது, பிளேட்ஸ் எழுதிய கற்பனைப் பாடகன் உண்மையான ஆள் ஆகிவிட்டான்.

சோகத்தை அறிந்துகொண்டு இதை முதலில் கேட்டால் இது ஒரு வாக்குமூலமாக மட்டுமே காதில் விழும். மற்றவற்றைக் கேட்டுவிட்டு வந்தால், முதல் பகுதியின் துயரத்திலிருந்து மொந்துனோவுக்குள் நுழைந்ததும் அவர் எப்படி மாறுகிறார் என்பது தெரியும். இன்று என் சிறந்த கூவல்களை உங்களுக்குக் காணிக்கையாக்குகிறேன் என்பது கோரோ. கூவல் என்று நான் சொல்வது ‘பிரெகோன்’ என்ற சொல்லை. தெருவில் பழம் விற்பவர் கூவும் கூவலுக்கும் அதுதான் பெயர், சொனேயோவுக்கும் அந்தப் பெயர் உண்டு. பாட்டின் நடுவே செலியாவுக்கும் ரிவேராவுக்கும் ஃபெலிசியானோவுக்கும் வணக்கம் சொல்லி, அவர்களே பெரிய பாடகர்கள் என்கிறார். தம் புண்ணைக் காட்டப் போட்டுத் தந்த மேடையில் அவர் மற்றவர்களைப் புகழ்ந்துகொண்டு நிற்கிறார்.

அதே தட்டின் ‘பந்தோலேரா’வைப் பலரும் கொண்டாடுவார்கள். இசை அபாரமானதுதான், ஆனால் பெண்ணை அடிப்பேன் என்று மிரட்டும் அதன் வரிகளை, அந்தக் காலம் அப்படி என்று சொல்லி என்னால் தாண்ட முடியவில்லை. 1983இல் கொலோனோடு மறுபடி சேர்ந்து பதிவுசெய்த ‘ஹுவானித்தோ அலிமாஞா’வைத் தயங்காமல் கேட்கலாம், கடைக்குள் புகுந்து கத்தியைக் காட்டிக் கல்லாப்பணத்தை அள்ளும் ஒரு திருடனைப் பற்றிக் குரெத் அலோன்சோ எழுதிய பாட்டு.

வாழ்க்கைக் கதைக்கு வரும்போது

தேதிகளை மட்டும் சொல்கிறேன். 1987இல் வீட்டில் தீப்பிடித்தது, மாமியார் கொலையுண்டார், 17 வயது மகன் தற்செயலாக வெடித்த துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். எல்லாம் ஒரே ஆண்டில். 1988 ஜூன் 26 அன்று சான் ஹுவானில் ஒரு விடுதியின் மாடியிலிருந்து விழுந்து, பலத்த காயங்களோடு உயிர்பிழைத்தார். 1993 ஜூன் 29 அன்று நியூயார்க்கில் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார். பிராங்க்ஸில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 2002இல் மனைவி, மகன் ஆகியோரின் உடல்களோடு போன்சேக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே மறுபடி அடக்கம் செய்யப்பட்டது.

இந்த வாழ்க்கையை வைத்து, பாடகர் மார்க் ஆந்தனி நடித்து ஒரு திரைப்படம் 2006இல் வந்தது. போதைப் பழக்கத்தைக் காட்டிய அளவுக்கு அவருடைய கலையையும் நகைச்சுவையையும் காட்டவில்லை என்று கொலோனே அதைக் குறைகூறினார். படத்தைப் பார்ப்பதாக இருந்தால், மேலே சொன்ன தட்டுகளுக்குப் பிறகு பாருங்கள். நிகழ்ச்சிக்குப் பிந்தி வருவதற்காகவே அவருக்கு ‘நேரந்தவறாமையின் அரசர்’ என்று கேலிப்பட்டம் சூட்டியிருந்தார்கள்; நான் தாமதமாக வரவில்லை, நீங்கள்தான் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வேடிக்கைப் பேச்சு. மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பதிலிருந்து அவர்களுக்கும் அவருக்கும் இருந்த உறவைப் புரிந்துகொள்ளலாம்.

அவர் விட்டுச்சென்றதை அளக்க விருதுகளைத் தேடிப் பயனில்லை; 1987இல் வெளியான ‘ஸ்ட்ரைக்ஸ் பேக்’ தட்டுக்காக கிராமி பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. பெரு நாட்டின் துறைமுகமான கயாவோவுக்குப் போனால் தெரியும். 1986இல் லிமாவில் அவர் நடத்திய நிகழ்ச்சிகளை அங்குள்ளவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சுவர்களில் அவர் முகம் வரையப்பட்டிருக்கிறது. பாடகர்களோ அவரைப் ‘பாடகர்களின் பாடகர்’ என்று அழைக்கிறார்கள். சொனேயோ பழகும் இளைஞர்கள் இன்றும் அவருடைய இடைவெளிகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்துதான் தொடங்குகிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் ‘எல் கந்தாந்தே’வின் அந்த வணக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். அதில் வரும் மூன்று பெயர்களே அடுத்துக் கேட்க வேண்டியவர்களின் பட்டியல்: கியூபாவின் செலியா க்ரூஸ், சான் ஹுவானின் சான்துர்சே பகுதியைச் சேர்ந்த இஸ்மாயேல் ரிவேரா, லாவோவின் சொந்த ஊரான போன்சேயில் பிறந்த செயோ ஃபெலிசியானோ. நான் ரிவேராவிலிருந்து தொடங்கச் சொல்வேன். கிளாவேயை எண்ணக் கற்றுக்கொண்ட கை அங்கே முதல் சில நிமிடங்களுக்குத் தடுமாறும். அவர் வரியைத் தாளத்துக்குக் குறுக்கே கட்டுகிறவர்.